மண்டபம் கிடைத்த சனிக்கிழமை

1

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்திரிகைக்கு எழுதுகிற ஆள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு திண்டுக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்தவள். அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான்களின் பெயர்களும் கல்யாணப் பத்திரிகை உறைமேல் முகவரிகளும்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னோடு ஒரே பெஞ்சில் படித்த விஜயா இந்த மாத இதழை நடத்துகிறாள் என்கிற ஒரே உரிமையில்தான் இது உங்கள் கைக்கு வருகிறது.

"நீ அங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் கபடி சொல்லித் தர்றியாமே. அந்தச் சந்தோஷத்தப் பத்தி எழுது" என்று போனில் சொன்னாள். சரி என்றேன். சந்தோஷம் நிறைய இருக்கிறது. ஆனால் போன சனிக்கிழமைக்குப் பிறகு எழுத உட்கார்ந்ததால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

நான் இருப்பது மலாக்கா மாநிலத்தில் மெர்லிமாவ் என்ற சின்ன ஊர். எந்தப் பக்கம் போனாலும் செம்பனைத் தோட்டம் வந்துவிடும். என் கணவர் டயர் கடையில் வேலை செய்கிறார். ஒரே மகன் கோலாலம்பூரில் இருக்கிறான். அவன் என்னோடு பேசும்போது வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பிப்பான். பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் மாதிரி ஆங்கிலத்தில் இறங்கிப் போய்விடுவான். மீதியை நான் ஊகித்துக்கொள்வேன்.

எனக்கு ஓர் இடைநிலைப் பள்ளியின் கேண்டீனில் வேலை. தட்டுக் கழுவுவது, தண்ணி கலக்குவது. நான் வந்த புதிதில், வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் என் நாத்தனார் "தண்ணி கலக்கட்டுமா?" என்று கேட்டார். புதுப் பெண்ணை வைத்துக்கொண்டு சாராயமா என்று பயந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கலக்கியது மைலோ என்கிற சாக்லேட் பானம். அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். இப்போது அதுவே என் தொழிலாகிவிட்டது.

இங்கே தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பதின்மூன்று வயதில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இடைநிலைப் பள்ளிக்கு வருகிறார்கள். பாடமெல்லாம் மலாய் மொழியில். எங்கள் பள்ளியில் பெண்கள் கபடி அணி என்று ஒன்று ஆரம்பித்து, அதை நோர் என்ற இளம் மலாய் ஆசிரியையிடம் கொடுத்துவிட்டார்கள். ஆசிரியரை இங்கே சிக்கு என்று கூப்பிடுவோம். பாவம், சிக்கு நோர் வாழ்நாளில் கபடி பார்த்ததில்லை. கைபேசியில் வீடியோவைப் போட்டுப் பிள்ளைகளிடம் காட்டிக்கொண்டு திடலில் நின்றார்.

கேண்டீனின் பின்வாசலில் நின்று பார்த்தேன். பாடி வருகிற பெண் நிதானமாக நடந்து வருகிறாள். எதிரணிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பள்ளிக்கூட நாளில் கபடி ஆடியவள் நான், எனக்குப் பொறுக்கவில்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் திடலுக்குள் போய்விட்டேன். "கையப் பிடிங்க. பக்கத்துல நிக்கிறவ கையப் பிடிங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

கபடி தெரிந்தவர்களுக்கு இது தெரியும். பிடிக்கிற அணியில் இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நிற்க வேண்டும். விரலைக் கோத்தால் இழுக்கும்போது விரல் போய்விடும், மணிக்கட்டைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் நான் ஜோடி சேர்த்த ஷாமினியும் தனுஷாவும் பேசிக்கொள்வதில்லையாம்.

"அவ கைய நான் பிடிக்க மாட்டேன் ஆண்ட்டி" என்றாள் தனுஷா.

"ஏன்?"

"அவளுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்" என்றாள் ஷாமினி.

தனுஷா பையிலிருந்து ஒரு டிஷ்யூ தாளை எடுத்தாள். அதை ஷாமினியின் மணிக்கட்டின்மேல் போட்டு, அதற்கு மேலே பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் அப்படியே டிஷ்யூவோடு ஆடினார்கள். நாலாவது நாள் தாளை எடுத்துவர மறந்துவிட்டாள். மறுவாரம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெண்ணைக் கவிழ்த்துப் போட்டு அவள்மேலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை எதனால் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விஜயா கேட்ட சந்தோஷம் இதுதான். இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் ஒரே குறைதான் சொல்கிறார்கள். வாய் அதிகம், சொன்னால் கேட்காது, போனை விடாது. நான் பார்த்த பிள்ளைகள் அழுத கண்ணோடு கெரோப்போக் என்கிற மீன் அப்பளம் வாங்கித் தின்பார்கள். பொய் சொன்னால் காது சிவந்துவிடும். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பார்கள், பதில் சரியாக இருந்தால் உடனே செய்வார்கள். பெரியவர்களிடம் நான் இதைக் கண்டதில்லை.

அவர்களிடம் ஒரே ஒரு கஷ்டம், சிரிப்பு. பாடிப் போகிறவள் எதிரணியில் யாராவது மூஞ்சியைப் பார்த்துவிட்டால் போச்சு. சிரிப்பு வந்து மூச்சு விட்டுவிடும், ஆட்டம் காலி. இதில் தனுஷா மோசம். செர்காமிலிருந்து வருகிற மீனவர் வீட்டுப் பெண் ஆயிஷா சிரிக்க மாட்டாள். துடோங் என்கிற தலைத்துணியை நாலு ஊசி குத்திக் கட்டிக்கொண்டு, தமிழ்ப் பிள்ளைகளைவிடத் தெளிவாகப் "புடி, புடி" என்று கத்துவாள்.

லோஷினியும் சிரிக்க மாட்டாள். படிவம் ஒன்று, நம் ஊர் ஏழாம் வகுப்பு மாதிரி, பதின்மூன்று வயது. பெம்பான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறாள். மெலிந்த பிள்ளை, என்னைப் போலக் கூச்சம். வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை என்று சிக்கு நோரே சொன்னார். கேண்டீனில் ஒரு குவளை சிராப் வாங்குவதற்குக்கூட விரலால்தான் காட்டுவாள். ஆனால் கோட்டைத் தாண்டிவிட்டால் "கபடி கபடி" என்று திடல் முழுக்கக் கேட்கும். அந்த மூச்சு எங்கிருந்து வருகிறதோ. ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஆண்ட்டி, கோட்டத் தாண்டுனா பயம் போயிருது. திரும்பி வந்தா மறுபடி வந்துருது லா."

எனக்கு அந்த வயதில் அப்படித்தான் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் வந்து சொல்கிறாள்.

3

மாவட்டப் போட்டி ஜாசினில் ஒரு சனிக்கிழமை காலை என்று முடிவானது. பயிற்றுநர் என்று என் பெயரைப் போட வேண்டும் என்று சிக்கு நோர் ஒற்றைக்காலில் நின்றார். பெயர் பதிகிற கணினி அடையாள அட்டை எண்ணைக் கேட்டது. எனக்கு அந்த அட்டை இல்லை, இன்னும் கணவர் பெயரில் வாங்கும் தங்கும் அனுமதிதான். அதைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் அவரும் லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார வேண்டும். என் கடவுச்சீட்டு எண்ணைப் போட்டால் முதலில் இருக்கிற எழுத்தைக் கண்டதும் கணினி சிவப்பாகிவிட்டது. மறுபடி போட்டோம், மறுபடி சிவப்பு.

"காக், மாஃப்" என்றார் சிக்கு, அக்கா மன்னிச்சிடுங்க என்று. கடைசியில் தன் பெயரையே போட்டுக்கொண்டார். அணியோடு வருகிற உதவியாளர் என்று வாயால் கேட்டு எனக்கு அனுமதி வாங்கினார். என்ன உதவி என்று கேட்டார்களாம். பானம் என்று சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் கழித்தும் தண்ணி கலக்குவதுதான்.

கோபம் வந்தது. ஆனால் இது எனக்குப் பழகிய கோபம். லோஷினி ஆடினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

4

போட்டிக்கு முந்தின வாரம் லோஷினி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா சாந்தி போன் செய்தார்.

"அக்கா, பாப்பா பெரிய மனுஷி ஆயிட்டா. சடங்கு வச்சிருக்கோம், கண்டிப்பா நீங்களும் அண்ணனும் வரணும். சனிக்கிழம."

"எந்தச் சனிக்கிழம?"

"அடுத்த வாரச் சனிக்கிழமதான்கா. மண்டபத்துல ஒரு கல்யாணம் நின்னு போச்சாம், அந்த நாள் கிடைச்சிருச்சு. அவ தாய்மாமனுக்கும் சிங்கப்பூர்ல அன்னைக்குத்தான் லீவு. சாமி பண்ணுன புண்ணியம்."

"சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். போட்டியும் அன்றுதான். கை கழுவாமல் சோப்பு நுரையோடேயே நின்றேன்.

சாயந்திரம் கணவரிடம் மோட்டாரை எடுக்கச் சொன்னேன். இங்கே மோட்டார் சைக்கிளை மோட்டார் என்றுதான் சொல்வோம்.

"நீயா பேசப் போற? நீயா?" என்று இரண்டு தடவை கேட்டார். வாசலில் இறக்கிவிட்டு, "நான் இங்கேயே இருக்கேன். சத்தம் கேட்டா வர்றேன்" என்றார்.

லோஷினியைப் பின்னறையில் உட்கார வைத்திருந்தார்கள். கதவுக்குப் பதில் ஒரு பூப்போட்ட திரை. அதற்குக் கீழே அவளுடைய தட்டும் குவளையும் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். முன்னறையில் சாந்தி, லாரி ஓட்டுகிற அவர் கணவர், மலாக்கா டவுனிலிருந்து வந்திருந்த கணவரின் அக்கா. லோஷினிக்கு அத்தை. அந்த வீட்டில் பேச்சு அத்தையுடையதுதான் என்று உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. மேசையில் அழைப்பிதழ் கிடந்தது. அதில் லோஷினியின் படம், யாரோ வரைந்த மாதிரி வெள்ளையாக.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஆட்டம் காலையில். விழா ராத்திரியில். நானே கூட்டிக்கொண்டு போய், மதியத்துக்குள் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

அத்தை சிரித்தார். "தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாதுங்க. அன்னைக்குக் காலைலதான் தண்ணி ஊத்துறோம். அப்புறம் மேக்கப்புக்கு ஆள் வருது. முட்டியில சிராய்ப்போட மேடையில உக்கார வைக்க முடியுமா?"

"பேண்ட் போட்டுத்தான் ஆடுவா."

"நீங்க ஊர்லேருந்து வந்தவங்க. இதெல்லாம் எங்களுக்கு நீங்கதான் சொல்லித் தரணும். நாங்க மூணு தலமொறையா இங்க இருந்துகிட்டு நம்ம பழக்கத்த விடாம வச்சிருக்கோம். நீங்களே இப்பிடிப் பேசலாமா?"

"எங்க ஊர்ல என்னை ஒன்பது நாள்தான் உட்கார வச்சாங்க. பத்தாம் நாள் பள்ளிக்கூடத்துல கபடி ஆடினேன்."

"அப்ப உங்க வீட்டுல வசதி இல்ல போல" என்றார் அத்தை.

உண்மைதான். வசதி இல்லை. மண்டபமும் மேளமும் வைக்க அப்பாவிடம் எதுவும் இல்லாததால் நான் தப்பித்தேன். அம்மா உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார், தலைக்கு ஊற்றிவிட்டார், டவுசருக்கு மேலே பாவாடையைக் கட்டிவிட்டுப் போ என்றார். ஊரில் யாரும் அதைப் பழக்கத்தை விட்டதாகச் சொல்லவில்லை. பிறகு கல்யாணம் வந்து என் ஆட்டத்தை நிறுத்தியது, அது வேறு கதை.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. ஒரே மூச்சில், நிற்காமல், கொசு பாடுகிற மாதிரி. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"என்னடி அங்க முணுமுணுப்பு?" என்றார் அத்தை.

சத்தம் நின்றது. "சாமி பேரு அத்த."

லோஷினியின் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுகிற மாதிரி எழுந்து வெளியே போனார். சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. திரையைப் பார்த்துக் கேட்டேன். "லோஷினி, உனக்கு என்ன வேணும்மா?"

"அவகிட்ட என்னா கேக்குறீங்க? சின்னப் பிள்ள."

"பெரிய மனுஷி ஆயிட்டான்னுதானே கார்டு அடிச்சிருக்கீங்க?"

திரைக்குப் பின்னால் சத்தம் நின்றது. பதிலுக்குக் காத்திருந்தேன். லோஷினி பேசவில்லை. பேசாததற்கு அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாள்.

சாந்தி வாசல்வரை வந்தார். "எனக்கும் ஆசதான்கா. அவ ஆடுறத நான் இன்னும் பார்த்ததில்ல. தொழிற்சாலைல ஷிப்ட்டு. ஆனா கார்டு அடிச்சாச்சு."

வீட்டுக்கு வரும்வரை அந்தக் 'கார்டு அடிச்சாச்சு' என் காதில் கிடந்தது.

5

கோபம் சடங்கின்மேல் என்று நினைத்துவிடாதீர்கள். களி கிண்டிக் கொடுங்கள், நல்லெண்ணெய் கொடுங்கள், பூ வையுங்கள், பிள்ளையைக் கொண்டாடுங்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இங்கே வேறு என்னென்னவோ சேர்ந்துவிட்டது. டிஜே, மூன்றடுக்குக் கேக், தலைக்கு மேலே பறந்து படம் பிடிக்கிற கேமரா. ஊரில் இல்லாததையெல்லாம் சேர்த்துக்கொண்டதில் பழக்கம் கெடவில்லை. பிள்ளை ஒரு காலைப் பொழுது விளையாடப் போனால் மட்டும் கெட்டுவிடுகிறது. தாய்மாமனின் லீவைக் கேட்டார்கள். மண்டபத்தைக் கேட்டார்கள், மேக்கப் போடுகிறவரைக் கேட்டார்கள். கேட்காமல் விட்டது ஒருத்தியைத்தான்.

எங்கள் பள்ளியில் ஆண்பிள்ளைகள் அணியும் உண்டு. அதே வயதுதான். ஒருவனுக்குப் போன மாதம் குரல் உடைந்து தகரத்தில் கல் உரசுகிற மாதிரி பாடினான். அவனை யாரும் திரைக்குப் பின்னால் உட்கார வைக்கவில்லை. அவன் சனிக்கிழமை ஆடினான்.

வருஷம் முழுக்க நான் சொல்லிக்கொடுத்தது, கோட்டைத் தாண்டிப் போ, தொட்டுவிட்டுத் திரும்பி வா என்பதுதான். இந்தப் பக்கம் இத்தனை பேர் சேர்ந்து காலைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பிள்ளை போகும்?

6

சனிக்கிழமை ஜாசினில் நன்றாகவே தோற்றோம். முதல் ஆட்டத்தில் ஆயிஷா தயவில் தப்பித்தோம். இரண்டாவதில் எதிரணிப் பிள்ளைகள் எங்களைவிட ஒரு தலை உயரம். கழுத்தில் பயிற்றுநர் அட்டை இல்லாததால் நான் கயிற்றுக்கு வெளியே தண்ணீர்ப் பெட்டியோடு நின்றேன். என்னைக் கேட்டுக் கேட்டுச் சிக்கு நோர் உள்ளே கத்தினார். அவர் வாயிலும் "புடி" வந்துவிட்டது.

லோஷினியின் இடத்தில் தனுஷா பாடிப் போனாள். நாலு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு போய் ஒரு புள்ளியும் எடுத்தாள். ஐந்தாம் தடவை எதிரணிப் பெண் ஒருத்தியின் மூஞ்சியைப் பார்த்துவிட்டாள். நடுத்திடலில் சிரித்து, மூச்சை விட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிடிக்க வந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத முடியாமல் நின்றார். தோற்கிற ஆட்டத்தில் நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கோபத்துக்கு நடுவில் இதையும் எழுதிவிட வேண்டும் விஜயா. இல்லாவிட்டால் நீ கேட்டது பொய்யாகிவிடும்.

ராத்திரி மண்டபத்துக்குப் பிள்ளைகள் எல்லாரும் ஜெர்சியிலேயே வந்தார்கள். நான் மாற்றச் சொல்லவில்லை. அத்தை ஏற இறங்கப் பார்த்தார். சாந்தி ஓடி வந்து எல்லாருக்கும் சாப்பாட்டு மேசையைக் காட்டினார்.

மேடையில் லோஷினி பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புடவையும் நகையும் அவளைவிட எடை கூடுதலாக இருக்கும். நலங்கு வைக்கச் சுமங்கலிகளைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். கன்னத்தில் சந்தனம் தடவக் குனிந்தபோது உதடு அசையாமல் கேட்டாள்.

"ஆண்ட்டி, என் இடத்துல யாரு பாடுனா?"

"தனுஷா."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா."

அவளுக்கும் வந்துவிட்டது. தோள் குலுங்கியது, நெற்றிச்சுட்டி ஆடியது. "மேக்கப், மேக்கப்" என்று யாரோ கத்தினார்கள். "பல்லு தெரியாம சிரிம்மா" என்றார் புகைப்படக்காரர்.

பிறகு அணியைப் படத்துக்கு மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் நின்று கை கோத்துக்கொள்ளச் சொன்னார் புகைப்படக்காரர். லோஷினி வளையல் போட்ட கையை நீட்டினாள். பக்கத்தில் நின்ற ஆயிஷாவின் விரல்களைத் தொடவில்லை, மணிக்கட்டைப் பிடித்தாள். ஆயிஷா ஷாமினியின் மணிக்கட்டை, ஷாமினி தனுஷாவினுடையதை. கடைசிவரை அப்படித்தான் பிடித்திருந்தார்கள். "கைய அழகா வைங்கம்மா" என்று அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

7

மறுநாள் காலை தனுஷாவின் அம்மா போன் செய்தார். தனுஷா பெரிய மனுஷி ஆகிவிட்டாளாம், இனிப் பயிற்சிக்கு அனுப்பமாட்டார்களாம். கணவரிடம் மோட்டாரை எடுக்கச் சொன்னேன்.